காணி யாருடைய பெயரில் இருக்கிறது?

மன்னார் என்றால் வெளியூரவர்களுக்கு நினைவுக்கு வருவது கடல், கருவாடு, பெருக்க மரம், தெருவில் திரியும் கழுதைகள். தீவுக்குள் நிற்கும்வரை அது சரிதான். பாலத்தைத் தாண்டிப் பெருநிலப்பரப்புக்கு வந்து உயிலங்குளம், முருங்கன், நானாட்டான் என்று போனால் கண்ணுக்கெட்டிய தூரம் வயல்கள் தெரியும். அருவி ஆற்றின் தண்ணீரைத் தேக்கத்தில் மறித்துக் கட்டுக்கரைக்குளத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து வாய்க்கால் வழியே பாயவிடுகிறார்கள். அதற்கும் தெற்கே முசலிப் பக்கம் போனால் சிறு குளங்களும் மானாவாரி வயல்களும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காடு. அங்குள்ள குடும்பங்களில் பல பாதி வருடம் வயலிலும் பாதி வருடம் கடலிலும் சீவிப்பவை.

சமூகவியல் படித்த நான் இந்தக் கிராமங்களில் சமூகப் பணியாளராக வேலை செய்கிறேன். சேமிப்பு, சுயதொழில், பிள்ளைகளின் படிப்பு என்று எதைப் பற்றிக் கூட்டம் வைத்தாலும் கடைசியில் பேச்சு வந்து நிற்பது காணியில்தான். எங்கள் விவசாயக் கிராமங்களில் பெண்களின் வாழ்வும் சொத்தும் இனி எப்படி இருக்கப் போகின்றன என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

உழைப்பு யாருடையது?

ஐப்பசி மழையோடு காலபோகம் தொடங்குகிறது. உழவு, விதைப்பு, களை, பசளை, காவல் என்று நாட்கள் போய், மாசி பங்குனியில் அறுவடை. சிறுபோகத்துக்குக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் மிஞ்சியிருக்கிறது என்று பார்த்து, எத்தனை ஏக்கர் விதைக்கலாம் எனக் கமக்காரர் கூட்டத்தில் தீர்மானிப்பார்கள். களை பிடுங்குவது, நெல் காய வைப்பது, அவிப்பது, ஆடு மாடு கோழி பார்ப்பது, வீட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் பெரும்பாலும் பெண்களின் வேலை. கணவனை இழந்த வீடுகளில் உழவு இயந்திரம் பிடிப்பதும், உரத்துக்கு அலைவதும், இரவில் மாடும் யானையும் வராமல் காவல் இருப்பதும்கூடப் பெண்தான். அறுவடை இயந்திரம் வந்த பிறகு அரிவு வெட்டில் கிடைத்த கூலியும் குறைந்துவிட்டது.

இப்படி உழைக்கும் பெண்ணிடம் "இந்தக் காணி யாருடைய பெயரில் இருக்கிறது?" என்று கேட்டால் பதில் உடனே வருவதில்லை. ஒரு அக்கா என்னிடம் சொன்னார்: "உழுவிச்சது நான், விதைச்சது நான், களை புடுங்கினது நான். தாள் மட்டும் மாமாவின்ர பேரில கிடக்கு பிள்ளை. மாமாவும் இல்லை, அவரும் இல்லை."

அவருடைய மாமனார் இடம்பெயர்ந்த காலத்தில் இறந்தவர். கணவர் 2009 இல் இறந்தவர். பத்து வருடத்துக்கு மேலாக அந்த வயலைச் செய்து மூன்று பிள்ளைகளைப் படிப்பித்தவர் இந்த அக்கா. கணவரின் தம்பி வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து "அது எங்கட அப்பாவின்ர காணி" என்று சொன்ன அன்றுதான், தன் கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது.

காணி பெயரில் இல்லாவிட்டால் என்ன குறைந்து போகிறது என்று சிலர் கேட்பார்கள். வங்கி பிணை கேட்கும். உறுதி இல்லாதவள் வங்கிப் படியில் ஏற முடியாமல் வாரத் தவணைக்கு வீடு தேடி வரும் நுண்கடன்காரரிடம் போகிறாள். வீட்டுத்திட்டம் வந்தால் காணி ஆவணம் கேட்பார்கள். வெள்ள நட்டஈடு வந்தாலும் அப்படியே. கமக்காரர் கூட்டத்தில் அவளுடைய சொல் எடுபடுவதும் குறைவு.

காணியில் மூன்று வகை

எங்கள் கிராமங்களில் உள்ள காணிகளைப் பொதுவாக மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது உறுதிக் காணி. இது தனியாருக்குச் சொந்தமானது. நொத்தாரிசு முன் எழுதிக் காணிப் பதிவகத்தில் பதியப்பட்டது.

இரண்டாவது அரச காணி. 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் முதலில் அனுமதிப்பத்திரம் தருவார்கள். நாங்கள் பெர்மிட் என்று சொல்வது இதைத்தான். நிபந்தனைகளை நிறைவேற்றிய பின் அளிப்புப் பத்திரம் கிடைக்கும். குளங்களுக்குக் கீழுள்ள குடியேற்றக் கிராமங்களில் பெரும்பாலானவை இந்த வகை.

மூன்றாவது, தாள் எதுவும் இல்லாத காணி. காடு வெட்டிக் குடியிருந்தது, வாய்ப்பேச்சில் கைமாறியது, வெள்ளைத்தாளில் எழுதி வாங்கியது எல்லாம் இதில் அடங்கும்.

உங்கள் காணி இந்த மூன்றில் எது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் சட்டமும் வேறு, போக வேண்டிய இடமும் வேறு. கமநல சேவை நிலையத்தின் விவசாயக் காணிப் பதிவேட்டில் உங்கள் பெயர் இருந்தால் உர மானியத்துக்கு உதவும், நீங்கள்தான் செய்கை பண்ணுகிறீர்கள் என்பதற்குச் சாட்சியாகவும் இருக்கும். ஆனால் அது காணிக்குச் சொந்தக்காரி என்பதற்கான பத்திரம் ஆகாது.

மகனா, மகளா?

பெர்மிட் காணியைக் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே துண்டு துண்டாகப் பிரிக்க முடியாது. ஆகவே பெர்மிட்காரர் இறந்தால் அது ஒருவருக்கே போகும். அவர் உயிரோடு இருக்கும்போதே ஒருவரைப் பின்னுரித்தாளராகப் பெயர் குறித்து, அதைப் பதிவும் செய்திருந்தால் பிரச்சினை குறைவு. இறந்த பின் அந்தப் பதிவைச் செய்ய முடியாது. சொல்லிவிட்டுப் போனார், தாளில் எழுதி வைத்தார் என்பதெல்லாம் செல்லாது.

பெயர் குறிக்காமல் இறந்தால் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் உள்ள வரிசைப்படி காணி போகும். 1935 இலிருந்து அந்த வரிசை எப்படி இருந்தது தெரியுமா? முதலில் மகன்மார், பிறகு மகள்மார். முதலில் பேரன்மார், பிறகு பேத்திமார். தகப்பனுக்குப் பிறகு தாய், சகோதரனுக்குப் பிறகு சகோதரி. ஒரே படியில் பலர் இருந்தால் மூத்தவருக்கு முன்னுரிமை. வயலில் நின்ற மூத்த மகளை விட்டு, ஊரிலேயே இல்லாத தம்பிக்குக் காணி போனது இதனால்தான். ஆணுக்கு முன்னுரிமை தந்த இந்த வரிசையை 2022 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் மாற்றியது. மகன், மகள் என்ற வேறுபாடு எடுக்கப்பட்டது. பெண்கள் அமைப்புகள் பல வருடங்களாகக் கேட்டு வந்த மாற்றம் இது. ஆனால் எங்கள் கிராமங்களில் இதைக் கேள்விப்பட்ட பெண்கள் சிலரே. "ஆம்பிளைப் பிள்ளைக்குத்தான் பெர்மிட்" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

மனைவிக்கு என்ன உரிமை? பெர்மிட்காரர் இறந்தால், பெயர் குறித்திருந்தாலும் இல்லாவிட்டாலும், உயிரோடு இருக்கும் துணைக்கே காணி முதலில் வரும் என்பது இச்சட்டத்தின் ஏற்பாடு. இது பெரிய பாதுகாப்பு. ஆனால் இதோடு சேர்ந்த மூன்று விடயங்களைக் கவனியுங்கள். இப்படிக் கிடைத்த காணியை மனைவி விற்கவோ, தனக்குப் பின் யாருக்கு என்று பெயர் குறிக்கவோ முடியாது. மறுமணம் செய்தால் காணி அடுத்த உரித்தாளருக்குப் போய்விடும். அத்துடன், துணை இறந்து ஆறு மாதத்துக்குள் காணியில் குடியிருக்க அல்லது செய்கை பண்ணத் தொடங்காவிட்டால் உரித்து ஏற்கத் தவறியவர் என்று கருதப்படலாம்.

இருபத்தைந்து வயதில் கணவனை இழந்த பெண்கள் எங்களிடையே எத்தனை பேர்! மறுமணத்துக்கும் காணிக்கும் இடையே ஒன்றைத் தெரிவு செய்யும்படி அவர்களிடம் சொல்வது நியாயமா என்று நாம் கேட்கத்தான் வேண்டும். ஆறு மாத விதியும் அப்படித்தான். முகாமில் இருந்தவள், ஊருக்குப் போக விடப்படாதவள் எப்படி ஆறு மாதத்தில் காணியில் கால் வைப்பது? இந்த நிலையில் உள்ளவர்கள் இடம்பெயர்ந்த காலத்தின் பங்கீட்டு அட்டை, முகாம் பதிவு, மீள்குடியேற்றப் பதிவு எதையும் எறிந்துவிட வேண்டாம். வேண்டுமென்று காணியைக் கைவிடவில்லை என்று காட்ட அவை உதவும். வடக்கு, கிழக்கில் போருக்குப் பிந்திய அரச காணிப் பிரச்சினைகளைத் தீர்ப்பதற்கென்று 2013 இல் காணி ஆணையாளர் நாயகம் 2013/01 என்ற சுற்றறிக்கையை வெளியிட்டார். பெர்மிட் தொலைந்தவர்கள், காணி இல்லாதவர்கள், மற்றவர் குடியிருக்கும் காணிக்குச் சொந்தக்காரர்கள் என்று பலரும் அதன் கீழ் விண்ணப்பித்தார்கள். நீங்களும் விண்ணப்பித்திருந்தால் அதன் பிரதியைத் தேடி வையுங்கள்.

உறுதிக் காணியில் பெண்ணின் பங்கு

உறுதிக் காணி இருக்கும் வடமாகாணத் தமிழருக்குத் தேசவழமை பொருந்தும். ஒல்லாந்தர் காலத்தில், 1707 ஐ அண்டி எழுதித் தொகுக்கப்பட்ட எங்கள் வழமை அது. சீதனம், முதுசம், தேடிய தேட்டம் என்ற சொற்கள் எல்லாம் அங்கிருந்து வந்தவை. சீதனமாகக் கொடுத்த காணி பெண்ணுக்கே சொந்தம். ஆனால் 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் மற்றும் வழியுரிமைக் கட்டளைச் சட்டம், மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும் என்று விதித்தது. கணவன் கைவிட்டுப் போனாலோ, இருக்கும் இடம் தெரியாவிட்டாலோ, நியாயமின்றிச் சம்மதிக்க மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம் என்ற வழியையும் அதே சட்டம் வைத்தது. இந்தச் சம்மத விதியை நீக்க வேண்டும் என்பது நீண்டகாலக் கோரிக்கை. உறுதி எழுதப் போகும்போது இன்றைய நிலை என்ன என்று நொத்தாரிசிடமோ சட்ட உதவி ஆணைக்குழுவிலோ கேட்டுக்கொள்ளுங்கள்.

முஸ்லிம் சகோதரிகளுக்குப் பங்கு முஸ்லிம் சட்டப்படி வரும். பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, மகளுக்கு மகனின் பங்கில் பாதி. பங்கு இருக்கிறது என்பது ஒன்று, அதைப் பிரித்து எழுதி எடுப்பது இன்னொன்று. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் இரண்டு தசாப்தம் இருந்துவிட்டு வந்த ஒரு தாய் சொன்னார்: "வாப்பாட காணியில எனக்கும் பங்கிருக்கு மகள். காக்காமார்ட்டக் கேக்க வெக்கமா இருக்கு." மார்க்கம் தந்த பங்கைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தமிழ்ப் பெண்களும் அண்ணன் தம்பியோடு பகைக்கக் கூடாதென்று இதே மாதிரித்தான் வாய் மூடி இருக்கிறார்கள்.

காணாமற்போனவரின் மனைவி

கணவர் காணாமற்போன பெண்களின் சிக்கல் எல்லாவற்றிலும் கடினமானது. மரணச் சான்றிதழ் எடுத்தால் அவர் இறந்துவிட்டார் என்று தாங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பலர் அதைத் தொடவில்லை. அந்த மனத்தை நாம் மதிக்க வேண்டும். ஆனால் அவர்களுடைய காணிகள் அப்படியே கிடந்தன. 2010 ஆம் ஆண்டின் மரணப் பதிவு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம் 2016 இல் திருத்தப்பட்ட பிறகு, ஆள் காணாமற்போயுள்ளார் என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழ் பெற வழி வந்தது. இதை எடுப்பதால் அவர் இறந்ததாக ஆகாது. தேடும் உரிமையும் போகாது. சொத்தைப் பராமரிப்பதற்கான ஏற்பாடுகளை இதை வைத்துக் கேட்கலாம். எந்தச் சான்றிதழ் என்பதை அந்தப் பெண்ணே தீர்மானிக்க வேண்டும். மாமன் மச்சானோ, உத்தியோகத்தரோ, என்னைப் போன்ற பணியாளரோ தீர்மானிப்பதல்ல.

முள்ளிக்குளம் காட்டியது

மன்னார்க் கரையின் தென்கோடியில், வில்பத்துக் காட்டின் வடக்கு எல்லையை ஒட்டி இருப்பது முள்ளிக்குளம். வயல், குளம், கடல், கோயில் எல்லாம் அருகருகே இருந்த ஊர். 2007 செப்டெம்பரில் இராணுவ நடவடிக்கையின்போது மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். பின்னர் அங்கே கடற்படையின் வடமேற்குத் தலைமையகம் அமைந்தது. போர் முடிந்தும் ஊர் திறக்கப்படவில்லை. பக்கத்தில் மலங்காட்டிலும் காயாக்குழியிலும் கொட்டில் போட்டு மக்கள் காத்திருந்தார்கள்.

2017 மார்ச் 23 ஆம் திகதி தொடர் போராட்டம் தொடங்கியது. பெண்கள் சமைத்துக்கொண்டும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டும் முன்வரிசையில் இருந்தார்கள். ஏப்ரல் 29 ஆம் திகதி 100 ஏக்கரை விடுவிப்பதாகக் கடற்படை அறிவித்தது. ஆனால் அந்த அறிவிப்போடு எல்லாம் முடியவில்லை. வீடுகளும் வயல்களும் குளங்களும் கணிசமாக முகாமுக்குள்ளேயே இருந்தன. திரும்பியவர்கள் மறுபடி கொட்டிலில்தான் தொடங்கினார்கள்.

அதே முசலியில் மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குழி பக்கம் திரும்பிய முஸ்லிம் குடும்பங்கள், தாங்கள் இல்லாத காலத்தில் காடு வளர்ந்துவிட்ட காணிகள் 2012 இலும் 2017 இலும் வனமாகப் பிரகடனப்படுத்தப்பட்டதாக முறையிட்டார்கள். ஊர் வேறு, சமூகம் வேறு. பெண்கள் சொன்ன கதை ஒன்றுதான்: "இது எங்கட காணி எண்டு எல்லாருக்கும் தெரியும். காட்டுறதுக்குத்தான் ஒண்டுமில்லை."

ஊர் திறக்கப்படும் நாளில் முதலில் கேட்கப்படுவது ஆவணம். அன்று பெண்ணின் பெயர் தாளில் இல்லாவிட்டால், போராட்டத்தில் முன்னால் நின்றவள் பத்திரம் வாங்கும் வரிசையில் பின்னால் நிற்பாள்.

வேறொரு நாட்டில்

காணி பெண் வழியாகப் போனால் குடும்பம் குலைந்துவிடும் என்பவர்களுக்கு ஒரு செய்தி. இந்தோனேசியாவின் மேற்குச் சுமாத்திராவில் உள்ள மலைநாட்டுக் கிராமங்களில் மினங்கபாவு என்ற மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் முஸ்லிம்கள், நெல் விவசாயிகள். அவர்களுடைய வழமைப்படி முன்னோரின் வயலும் வீடும் தாயிடமிருந்து மகள்மாருக்குப் போகும். தாய்மாமன் மேற்பார்வை செய்வார். குடும்பத்தார் கூடிச் சம்மதிக்காமல் அந்த வயலை விற்க முடியாது. கல்யாணம் முறிந்தாலும் கணவன் இறந்தாலும் பெண்ணின் கூரையும் வயலும் அவளுடன் இருக்கும். எங்கள் கரையிலும் மகளுக்கு வீடும் வளவும் கொடுத்துக் கட்டிக்கொடுக்கும் வழக்கம் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இருக்கிறது. பெண்ணின் பெயரில் காணி என்பது எங்களுக்குப் புதிய விடயம் அல்ல. வயல் காணியிலும் பெர்மிட் காணியிலும்தான் அதை மறந்துவிட்டோம்.

காணிக்கு ஆள் தேடி வரும் காலம்

வறண்ட மண், விலை போகாது என்று இருந்த நிலை மாறிவிட்டது. மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளுடன் தம்பபவனி மின்நிலையம் 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. இல்மனைற்று மணலுக்காகத் தீவில் ஆய்வுகள் நடந்தன. மேலும் காற்றாலைகள் வேண்டாம், மணலைத் தோண்ட வேண்டாம் என்று 2025 இல் மன்னார் மக்கள் வீதியில் இறங்கினார்கள். எங்கள் மண்ணுக்கு இப்போது வாங்க ஆட்கள் இருக்கிறார்கள் என்பதையே இவை காட்டுகின்றன. பெயர் உள்ளவரிடம்தான் பேரம் பேசுவார்கள். பெயர் இல்லாத மனைவிக்கு, விற்றபின்தான் தெரியவரும்.

கடன் நெருக்கடியில் பெர்மிட் காணியை வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுப்பவர்களும் உண்டு. அனுமதி இல்லாமல் அப்படி விற்பது செல்லாது. விற்றவளுக்கும் காணி இல்லை, வாங்கியவளுக்கும் உரிமை இல்லை. 2024 இல் 'உறுமய' என்ற பெயரில் பெர்மிட்காரருக்கும் அளிப்புக்காரருக்கும் முழு உரித்து உறுதி தருவதாக அரசு அறிவித்தது. இத்தகைய திட்டங்கள் இனியும் வரலாம். அப்போது விற்கும் உரிமையும் கூடவே வரும். உறுதி எழுதப்படும் முன்பே "யாருடைய பெயரில்?" என்று வீட்டில் பேசி முடிவெடுத்திருக்க வேண்டும்.

இப்போதே செய்யக்கூடியவை

1. பெர்மிட் உள்ள கணவரோ தகப்பனோ தாயோ உயிரோடு இருந்தால், பின்னுரித்தாளர் பெயர் குறித்துப் பதியப்பட்டுள்ளதா என்று பிரதேச செயலகக் காணிக் கிளையில் பாருங்கள். இல்லையென்றால் பதிவிக்கச் சொல்லுங்கள்.

2. பெர்மிட் தொலைந்திருந்தால் இலக்கம் தெரியாவிட்டாலும் போய்க் கேளுங்கள். பிரதேச செயலகத்தில் காணிப் பேரேடு இருக்கும். உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம்.

3. கடிதம் எதைக் கொடுத்தாலும் ஒரு பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். வாயால் சொன்ன பதிலைக் கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள்.

4. காணியில் நீங்கள் இருப்பதைக் காட்டும் மின்சாரப் பட்டியல், உர மானியத் துண்டு, கமக்காரர் அமைப்பின் சந்தாத் துண்டு, வாக்காளர் இடாப்புப் பிரதி ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு வையுங்கள்.

5. பத்திரங்களைப் பொலித்தீனில் சுற்றி உயரமான இடத்தில் வையுங்கள். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலோடு வந்த வெள்ளம் நினைவிருக்கட்டும். ஒரு பிரதி வேறு ஊரில் உள்ள உறவினரிடம் இருக்கட்டும். கைத்தொலைபேசியில் படமும் எடுத்து வையுங்கள்.

6. எந்த அலுவலகத்துக்கும் தனியே போகாதீர்கள். மாதர் சங்கத்தில் இருவராவது சேர்ந்து போங்கள். விளங்காத தாளில் கையொப்பம் வைக்காதீர்கள்.

7. மகளுக்கும் மகனுக்கும் முன்னால் வைத்துக் காணி விடயத்தைப் பேசுங்கள். சண்டை வரும் என்று பயந்து மூடி வைத்தால், சண்டை பிறகு பெரிதாக வரும்.

மேலே சொன்ன அக்கா இப்போது காணிக் கிளைக்கு ஐந்து தடவை போய் வந்துவிட்டார். பேரேட்டில் மாமனாரின் பெயர் கிடைத்திருக்கிறது. பின்னுரித்தாளர் பதிவு இல்லை. கிராம உத்தியோகத்தரின் கடிதமும் பத்து வருட உரத் துண்டுகளும் கோவையில் சேர்ந்திருக்கின்றன. மைத்துனரோடும் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் ஒரு தடவை பேசியாயிற்று. முடிவு வரவில்லை. ஆனால் இம்முறை காலபோகத்துக்கும் அவர்தான் விதைத்திருக்கிறார். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் தங்கள் காணித் தாளைக் கொண்டு வாருங்கள் என்று எங்கள் மாதர் சங்கத்தில் அவரே சொல்லியிருக்கிறார். சகோதரிகளே, உங்கள் சங்கத்திலும் அப்படி ஒரு கூட்டம் வையுங்கள். தாள் இல்லாதவர்களும் வரட்டும். அவர்களுக்குத்தான் முதலில் வேலை இருக்கிறது.